கேள்வி எண் பதினேழு

சித்திரை.
நேற்று வேலூரில் நூற்றாறு டிகிரி என்று
பஸ்ஸில் ஒருவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்,
சொந்தக்காரப் பையன் வாங்கிய மார்க்கைச் சொல்வதுபோல்.

இலவம்பாடிக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கி
முள்ளுக்கத்திரிக் கொல்லைக்குள் நடந்தேன்.
கையில் டேப்லெட். அதற்குள் நாற்பத்திரண்டு கேள்விகள்.
தேசம் எவ்வளவு தயார் என்று
அளந்து வர அனுப்பப்பட்டவன் நான்.
படிவம் ஒன்றுக்கு எண்பது ரூபாய்.
பஸ் கட்டணம் அதற்குள் அடக்கம்.

பதினாறு வரைக்கும் தடையில்லை.
பெயர் குணசுந்தரி. வயது முப்பத்தொன்பது.
ஒன்றரை ஏக்கர், வாய்வழிக் குத்தகை.
ஆடு ஆறு. கைபேசி ஒன்று, பட்டன் வைத்தது,
கண்ணாடி விரிசல்.
விரிசலுக்குக் கட்டம் இல்லை.

பதினேழு:
பருவநிலைக்கேற்ற வேளாண் தொழில்நுட்பங்களை ஏற்க
நீங்கள் எந்த அளவு தயார்?
ஒன்று, சிறிதும் இல்லை. ஐந்து, முழுமையாக.

பறிக்கிற கை நிற்காமல் கேட்டார்:
"தயாருன்னா இன்னா?"

நான் தாவரவியல் படித்தவன்.
பதில் என் வாய்வரை வந்து
அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

வரப்போரம் ஒரு வெள்ளைக் குழாயைக் காட்டினார்.
மண்ணின் ஈரம் பார்க்கும் கருவி.
போன ஆடியில் ஜீப்பில் வந்து நட்டார்கள்,
போட்டோ எடுத்தார்கள், மோர் குடித்தார்கள்.
அது பேசுகிறது.
யாரிடம் பேசுகிறது என்பதுதான் விஷயம்.

பதிவுக்குப் பட்டா கேட்டது.
பட்டா சத்துவாச்சாரியில் ஒரு பல் டாக்டர் பெயரில்.
ஈரம் குறைந்தால் செய்தி டாக்டருக்குப் போகும்.
அவர் யார் பல்லையாவது பிடுங்கி முடித்து
ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருக்கும்
இவர் வீட்டுக்காரருக்குத் தள்ளிவிடுவார்.
அங்கே போன் லாக்கரில்.
பதினொரு மணி டீக்குத்தான் வெளியே வரும்.
அதற்குள் இங்கே
த்ரீ பேஸ் கரண்டுக்கு நேரம் முடிந்திருக்கும்.

"அப்போ பழையபடி காலால பாத்துக்கறீங்களா?" என்றேன்.
அந்தப் பதிலை எழுதிவைக்க ஆசை எனக்கு,
மண்ணறிவு, பட்டறிவு என்று இரண்டு வரி.

"காலு பொய் சொல்லும் தம்பி.
மேல காஞ்சி கெடக்கும், கீழ சதசதன்னு இருக்கும்.
ரெண்டு தபா தண்ணி வுட்டு வேரழுகிப் போச்சு.
அந்தக் கொழாய் சொல்றது சரியா இருக்குது.
என்கிட்ட சொல்லச் சொல்லு."

எழுதக் குனிந்தேன். திரை கறுத்தது.
வெப்பம் அதிகம், சாதனம் குளிரும் வரை
காத்திருக்கவும் என்றது.

அவர் சிரிக்கவில்லை.
ஈரச் சாக்கொன்றை உதறி வேப்பமரத்தடியில் விரித்து
மேலே ஒரு தட்டைப் போட்டு
காய்ச்சல்காரப் பிள்ளையைக் கிடத்துவதுபோல்
அதைக் கிடத்தினார்.

பதினொன்று பத்துக்கு விரிசல் விழுந்த போன் அடித்தது.
ஆம்பூர்.
"ராத்திரியே வந்துச்சாம். மோட்டாரைப் போடு."
"சரி" என்று ஓடினார்.
மோட்டார் உறுமியது. வாய்க்காலில் தண்ணீர்
இரண்டாவது பாத்தியின் வாயைத் தொட்டபோது
சத்தம் நின்றது.
நாங்கள் இருவரும் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
அது இன்னும் கொஞ்ச தூரம் போனது, பழக்கத்தில்.

சாக்கின் மேல் திரை வெளுத்தது.
கேள்வி பதினெட்டில் நின்றிருந்தது அது.
பதினேழில் மூன்று என்று
தானே நிரப்பிக்கொண்டிருந்தது.
எத்தனை கொல்லையில் எத்தனை மூன்று
இப்படி விழுந்திருக்குமோ.

பின்னால் போய் ஐந்தை அழுத்தினேன்.
காரணம் கேட்டது, இருபது எழுத்துக்குள்.
புள்ளியையும் கொம்பையும்கூட
தனித்தனி எழுத்தாக எண்ணுகிற இயந்திரம்.
அடித்துக்கொண்டே போனேன், இடம் தீர்ந்தது.
தில்லிக்கோ எங்கேயோ போய்ச் சேர்ந்தது இவ்வளவுதான்:

குழாய் அவரிடம் பேசவி