நூற்றுக்கு முப்பத்தொன்று

பதினோரு வருஷமாய் நாக்குக்குத்தான்
மருந்தடித்துக்கொண்டிருந்தேனாம்.
நெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தது சொற்பமாம்.
சொன்னது டாக்டர் இல்லை,
தவணை முடியாத என் போன்.

நெஞ்சுநோய்ப் பிரிவில் சீட்டு எழுதுகிற லோகேஸ்வரிதான்
தன் வைஃபையில் அந்த ஆப்பை இறக்கிக் கொடுத்தாள்.
"நீங்க பம்ப் அடிக்கிறத இது பாக்கும், கேக்கும்,
மார்க் போடும்ணே."
எட்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியாருக்கப்புறம்
எனக்கு யாரும் மார்க் போட்டதில்லை.
முப்பத்தொன்று.
அவரும் ஏறக்குறைய அதைத்தான் போட்டார்.

குலுக்கவில்லை.
அழுத்திய பிறகு இழுத்தீர்கள்.
வேகமாக இழுத்தீர்கள்.
மீண்டும் முயற்சிக்கவும்.

ஜீரோ கேட்டுக்குப் போகும் வரிசையில்
எனக்கு முன்னால் நூற்றிச் சொச்சம் டிரெய்லர்.
நேற்று சாயங்காலம் எர்ணாவூரில் சேர்ந்த வண்டி
இன்னும் டோல்கேட்டைத் தாண்டவில்லை.
மாதா படத்துக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்துவைத்து
பழுப்புப் பம்பை வாயில் வைத்தேன்.
"பின்னணி இரைச்சல் அதிகமாக உள்ளது.
அமைதியான இடத்துக்குச் செல்லவும்."

கிளீனர் தில்லை சிரித்த சிரிப்பில்
அவனுக்கே இருமல் வந்துவிட்டது.
"கடலுக்குள்ளதான்ணே போவணும்."
கடலும் சும்மாவா இருக்கிறது,
கொட்டிய கல்லோடு விடிய விடியச் சண்டை.

கடைசியில் ஓர் ஏ.டி.எம். அறை.
கதவு சாத்தியதும் ரோடு முழுக்க வாயை மூடிக்கொண்டது.
மணலியிலிருந்து கூடவே வந்த அழுகின முட்டை வாடை
செருப்பு மாதிரி வாசலோடு நின்றது.
"கார்டைச் செருகவும்" என்றது ஒன்று,
"உதடுகளை இறுக மூடவும்" என்றது இன்னொன்று.
இரண்டும் ஒருதாய் மக்கள் போலத்தான் பேசின.
பின்னால் வந்து நின்ற மீன்கூடை அம்மா
பம்பைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"இன்னாபா, பேலன்ஸ் பாத்ததுக்கே மூச்சு வாங்குதா?"

"முதலில் மூச்சை முழுவதும் வெளியே விடவும்."

இங்கேதான் மாட்டிக்கொண்டேன்.
மூச்சு முட்டுகிறவன் கையிருப்பை விடுவானா?
தண்ணி லாரி வராத வாரத்தில்
இருக்கிற அரைக்குடத்தையும் கவிழ்த்துவிட்டு
வந்து வரிசையில் நில் என்றால்
எங்கள் தெருவில் எவள் கவிழ்ப்பாள்?

விட்டேன்.
கடைசிச் சொட்டு வரை.
வயிறு முதுகில் ஒட்டியது. ஒரு நொடி
ஒன்றுமே இல்லை என்னிடம்.
அப்புறம், நாற்பதடிப் பெட்டியைக்
குறுகலான யார்டில் ரிவர்ஸ் எடுக்கிற நிதானத்தில்,
இழுக்க ஆரம்பிக்கும்போதே அழுத்தி, இன்னும் இழுத்து,

நாக்கில் கசப்பில்லை.
உள்ளே, நானே போயிராத ஏதோ சந்துக்குள்
சில்லென்று யாரோ நடந்து போனார்கள்.

பத்து வரை பிடித்துவைக்கச் சொல்லி
திரையில் ஒரு வட்டம் மெல்ல நிரம்பியது.
ஆறில் வெளியே ஹாரன்.
எட்டில் தில்லை கண்ணாடியைத் தட்டுகிறான்,
வரிசை நகர்ந்துவிட்டதாம்,
பின்வண்டிக்காரன் என் அம்மாவரை போய்விட்டானாம்.
ஒன்பது.
பத்து.

அறுபத்தெட்டு.
"வாய் கொப்பளித்துத் துப்பவும்" என்றது.
ஏ.டி.எம்.மிலா?

இது ஆடி மாசத்துக் கதை.
அப்போது வாரத்தில் நாலு ராத்திரி
தலையணையை மடியில் வைத்து உட்கார்ந்தே விடிந்தது.
இந்த மாதம் மொத்தமாய் இரண்டு.
அந்த இரண்டு நாளும்
கம்பெனிக் குழாய் உச்சியில் தீ நின்று எரிந்தது,
எண்பது மார்க் வாங்கியும் ஜன்னலைச் சாத்தத்தான் வேண்டியிருந்தது.
அந்தக் குரல் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

இன்று காலை நெட் தீர்ந்துபோயிருந்தது.
பம்பை எடுத்தேன், மூடியைத் திறந்தேன்.
அடுக்களையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.
ஜெசிந்தா திரும்பக்கூட இல்லை.

"குலுக்கல," என்றாள்.