பதினாறாம் அளவுச் சப்பாத்துப் பெட்டி

ஒவ்வொரு ஏப்ரலிலும் கடைசிக் கிழமை
என் கந்தோர்க் கதவு நிலைக்குத் தலை தாழ்த்தி
ஆர்லன் பெக்ஃபர்ட் உள்ளே வருவான்.
ஆறடி எட்டங்குலம்.
அவன் இருந்ததும் கதிரை
சின்னப்பிள்ளைச் சாமான் ஆகிவிடும்.
மேசையில் வைப்பது ஒரு சப்பாத்துப் பெட்டி,
அளவு பதினாறு.
அதற்குள் ஒரு வருடம்.

முதல் தடவை, தொழில் என்ற கட்டத்தில்
என்ன எழுத என்று கேட்டேன்.
ஃபார்வர்ட், என்றான்.
எங்கள் கணக்கில் அது வேறு, தம்பி,
மிச்சத்தை அடுத்த பக்கத்துக்கு
முன்கொண்டு செல்வது.
அதேதான், என்று சிரித்தான்.

அந்த வருடம் வின்ட்ஸர் அணி.
இருபது கிழமைச் சம்பளம்,
பனியில் பஸ், பஸ்ஸில் தூக்கம்.
ஆற்றுக்கு அக்கரையில் டெட்ராய்ட்டின் விளக்குகள்
இலவசம்.

அடுத்து ஹங்கேரி.
ஒப்பந்தத்தில் எட்டு மாதம், வங்கியில் ஐந்து.
மீதி மூன்றையும் முதலாளி இன்று நாளை என்று இழுத்து
கடைசியில் அணியையே இழுத்து மூடிவிட்டானாம்.
வராத பணத்துக்கு வரியில்லை என்றேன்.
அதுவே அந்த வருடத்தின் நல்ல செய்தி.

மூன்றாம் பெட்டியில்
மடிப்புக் கலையாத அமெரிக்கத் தாள் ஒன்று.
பெரிய லீக். பத்து நாள் ஒப்பந்தம்.
சுழியம் ஒன்று பிழைத்துவிட்டதோ என்று
கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன்.
பத்து நாளில் களத்தில் நின்றது
நாலு நிமிடம் பதினொரு விநாடி.
தெறித்த பந்து இரண்டு பிடித்தான்.
ஒரு ஃபவுல். புள்ளி இல்லை.
அவன் போன பிறகு
விநாடிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தேன்.
சொல்லமாட்டேன்.
அன்றிரவு புட்டுக்கு மா குழைக்கையில்
ஒன்று, இரண்டு, மூன்று என்று
எண்ணிக்கொண்டே இருந்தேன்.

பிறகு பெட்டிகள் எனக்குக் குழம்புகின்றன.
பிலிப்பைன்ஸ், லிதுவேனியா, சஸ்கடூன், மறுபடி வின்ட்ஸர்.
நாணயமாற்று, முழங்கால் ஸ்கேன்.
ஐஸ் பைக்குக் கழிவு உண்டா?
இல்லை.
கட்டிலுக்கு வெளியே நீளும் காலுக்கு
அவன் வாங்கிய ஸ்டூலுக்கு?
இல்லை, ஆர்லன்.
ஒரு வருடம் மணமுறிவுத் தாள் இருந்தது.
அவன் பேசவில்லை, நான் கேட்கவில்லை,
வேறு கட்டத்தில் புள்ளடி போட்டேன்.

இந்த ஏப்ரலில் பெட்டி இல்லை.
சட்டைப்பையிலிருந்து ஒற்றைத் தாள்:
கார் உதிரிப்பாகக் களஞ்சியம், இரவு வேலை.
மேல்தட்டுச் சாமானை ஏணியில்லாமல் எடுப்பானாம்.
அதற்கென்று கூட ஒன்றும் தருவதில்லை.
தொழில்? என்றேன், வழக்கம்போல,
கேட்ட பிறகுதான் உறைத்தது.
களஞ்சியம் என்று போடுங்கள், என்றான்.
போட்டேன்.

ஆறு வருடம் தாண்டிய தாள்களைக்
கிழிக்கலாம் என்பது சட்டம்.
அவனுடைய மூன்றாம் பெட்டிக்கு
இம்முறை தவணை முடிகிறது.
மூலையில் தாள் வெட்டும் இயந்திரத்தைக் காட்டினேன்.
அந்த அமெரிக்கத் தாளை எடுத்து
இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றான்,
முழங்கைகள் அகன்று,
நெஞ்சோடு சேர்த்து,
பின்னாலிருந்து யாரோ பறிக்க வருவது போல.

ஏழாம் வருடத்துக்கு ஏதும் சட்டம் உண்டா?
இல்லை, என்றேன்.

பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்தான்.
போகும்போது குனிய மறந்து
நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டான்,
ஒன்பது வருடத்தில் முதல் தடவை.