உலகின் மிச்சம்

செனோக்கோவில், மூன்றாம் மாடியில்,
மாவு ஆலைக்குப் பின்புறம் என் மேசை.
வரவு செலவு எழுத வந்தவளுக்குப்
போன மாதத்திலிருந்து கரியையும் எழுதும் வேலை.

ஒரு கிலோ இட்லி மாவு
எத்தனை கிராம் கரியமில வாயு?
பேரங்காடி கேட்கிறது, ஜூன் முப்பதுக்குள்.

நாட்டுப் பட்டியலைத் திறந்தேன்.
மின்சாரம் இருக்கிறது, நாலு தசம இடங்களோடு;
திரையிலிருந்து தலையைத் திருப்பினால்
அதன் புகைபோக்கியே தெரியும்.
குழாய்த் தண்ணீர் இருக்கிறது.
கான்கிரீட் மட்டும் ஆறேழு விதம்.
குளிர்பெட்டி லாரி, ஏற்றியது, வெறுமனே திரும்புவது.
உளுந்து இல்லை.

பருப்பு என்று தேடினேன்.
சோயா வந்தது.
எங்கோ பனி பெய்யும் நாட்டில்
டிராக்டர் உழுத பட்டாணி வந்தது.
கடைசியில் ஒரு வரி:
பயறு வகை, இதர.
இடம்: உலகின் மிச்சம்.

மாக்வேயில் இந்த உளுந்தை விதைத்தவன்
அங்கேதான் இருக்கிறான்.
ஏர் மாட்டினானா, பம்புசெட் ஓட்டினானா,
நெல் அறுத்த மிச்ச ஈரத்தில்
சும்மா வீசிவிட்டுப் போனானா,
பட்டியலுக்குத் தெரியாது.
அவனுக்கும் அவனைப் போன்ற எல்லாருக்கும்
சேர்த்து ஒரே எண்.

தணிக்கை செய்யும் பெய் ஷுவான் தொலைபேசியில் சொன்னாள்:
"அதையே போடுங்கள்,
சந்தேகத்துக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்."
கூட்டினேன்.
இருபது சதவீதம் சந்தேகம்.

அரைவை இயந்திரம், எல்லைக்குள்.
பிளாஸ்டிக் பை, எல்லைக்குள்.
துவாஸ் விடுதியிலிருந்து ரொஃபிகுல்
லாரியின் பின்தட்டில் குந்தி வருவது
எல்லைக்கு வெளியே.
சாம்பல் நிறக் கட்டம், நிரப்பத் தேவையில்லை.
நிரப்பவில்லை.
பிறகு என்னவோ போலிருந்தது,
கிலோமீட்டரை மட்டும்
தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்.
முப்பத்தொன்று.

ஒன்பதரைக்கு விளக்கை அணைத்துக் கீழே இறங்கினால்
புளிக்கும் அறைக் கதவு ஒருக்களித்திருக்கிறது.
தொட்டி மூடி விரலளவு எழும்பி நிற்கிறது.
மாவு விடும் மூச்சு:
அதுவும் கரியமில வாயுதான்.
ஆனால் செடி முன்பு குடித்த காற்று அது,
எனவே விதிப்படி பூஜ்ஜியம்.

மாக்வேயின் காற்று
இங்கே வந்து, என் முகத்தில் புளிப்பாக,
கணக்கில் வராமல்.

மூடியை உள்ளங்கையால் அழுத்தினேன்.
அமுங்கியது.
கையை எடுத்ததும் மெல்ல எழுந்தது.