ஆல்பேட்டை, ஒன்பது நாற்பத்திரண்டு

முதுநகர் உப்புக்கிடங்கைக்
கட்டி முடித்து ஒரு மாதம் ஆகிறது.
கணினிக்குள்தான்.
நாட்டு ஓடு, துருப்பிடித்த தராசு, ஈரச் சாக்கு,
வாசலில் விளக்கோடு ஒரு காவலாளி.
கோப்பில் அவன் பெயர் காவல் மூன்று.

செலஸ்தீன் நேற்று ஆடிப் பார்த்தாள்.
மூட்டைக்குப் பின்னால் குந்தி
அவன் திரும்பட்டும் என்று காத்திருந்தாள்.
காபி ஆறி ஆடை படிந்தது.
நாற்பது நிமிடம்.
அவன் அசையவே இல்லை.

அசையமாட்டான்.
தராசுக்கு இரண்டடி முன்னால்
தரையில் ஒரு கோடு கிழித்திருக்கிறேன்,
கண்ணுக்குத் தெரியாது.
அதை மிதித்தால்தான் இருமுவான்,
பீடி தேடுவான், முதுகைக் காட்டுவான்.
அதுவரைக்கும் அவனுக்கு நுரையீரல்கூடக் கிடையாது.

"நான் அவனுக்காகக் காத்திருக்கேன்,
அவன் எனக்காகக் காத்திருக்கான்.
பொண்ணு பாக்க வந்த வீடு மாதிரி இருக்கு,
இதுல பதுங்குறதுக்கு என்ன இருக்கு?" என்றாள்.

சரி என்று கோட்டை அழித்துக்
கடிகாரத்தைக் கட்டினேன்.
தொண்ணூறு நொடிக்கு ஒரு நடை.
வந்தாலும் நடக்கிறான், வராவிட்டாலும் நடக்கிறான்.
ஆறாவது நிமிடம் கூட்டாளியிடம்
மகளின் காதுகுத்தைப் பற்றிப் பேசுகிறான்,
இரண்டு நாள் உட்கார்ந்து நான் எழுதிய பேச்சு.
செலஸ்தீன் அப்போது கிணற்றடியில் இருந்தாள்.
கேட்க ஆளில்லாத கிடங்கில்
காதுகுத்து நடந்து முடிந்துவிட்டது.

மூன்றாம் முறை
அவள் அவனைப் பார்க்கக்கூட இல்லை.
எண்பத்தேழு, எண்பத்தெட்டு என்று
உதட்டுக்குள் எண்ணியபடி போனாள்,
ரேஷன் வரிசையில் நகர்கிறவள் போல.

கோடு என்றால் உலகம் எனக்காக வேஷம் கட்டி நிற்கிறது.
கடிகாரம் என்றால் உலகத்துக்கு நான் ஒரு பொருட்டே இல்லை.
எதில் நெஞ்சு திக்கென்னும்?
முத்தியால்பேட்டை ஆபீசைப் பூட்டும்வரை சண்டை.

கடைசிக்கு முந்தின கடலூர் பஸ்.
கிருமாம்பாக்கத்தில் ஏறியவள்
என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.
நாற்பது வயதிருக்கும்.
மடியில் கருவாட்டுப் பை.
நெத்திலிக்கு அடியில் என்ன என்பதை
பை அழுந்திய கனமே சொன்னது.
அந்த ஊர் விலைக்கும் இந்த ஊர் விலைக்கும் நடுவில்
ஒரு குடும்பம் சாப்பிடுகிற தூரம்.

நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள்:
"ஒம்போது நாப்பதுக்கு அவரு டீக்குப் போயிடுவாரு."
கடிகாரம், என்று குறித்துக்கொண்டேன்.

பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி
ஆல்பேட்டைச் சாவடி.
மணி ஒன்பது நாற்பத்திரண்டு.
டீக்கடை பூட்டியிருந்தது.
ஏறினார்.

டார்ச் ஒவ்வொரு சீட்டாக நனைத்துக்கொண்டு வந்தது.
ஓரங்களில் கலங்கல், நடுவில் ஒரு நடுக்கம்.
நான் வரைந்த பார்வைக் கூம்புக்கு
நடுக்கம் வைக்கத் தோன்றியதே இல்லை.

லாரிக்கு வழிவிட டிரைவர்
அரையடி நகர்த்திப் பிரேக் அடித்தார்.
பைக்குள்
கிளிங்.

அவர் நின்றார்.
திரும்பினார்.
வெளிச்சம் நெத்திலி மேல்.
அவளுடைய மூச்சை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"கிலோ என்ன?"
"நானூறு சார்."
"மண்ணு இருக்குமே."
"இல்ல சார், வலையில காய வெச்சது."
ஒன்றை எடுத்து மோந்து
எடுத்த இடத்திலேயே வைத்தார்.
இறங்கிப் போனார்.
விசில்.

மஞ்சக்குப்பம் வரை
முன்சீட்டுக் கம்பியில் நெற்றியைச் சாய்த்திருந்தாள்.
நானும் பேசவில்லை.
கேட்டுவிட்டாரா?
கேட்டும் விட்டாரா?

இரவு ஒரு மணிக்குக் காவல் மூன்றைத் திறந்தேன்.
'சத்தம் கேட்டால் திரும்பு' என்ற வரிக்குக் கீழே
இன்னொரு வரிக்கு இடம் விட்டேன்.
என்ன நிபந்தனை எழுதுவது?
காதுகுத்துச் செலவா, பூட்டிய டீக்கடையா,
வெறும் கருவாட்டு வாசனையா?
என் லேப்டாப் பையிலும் அந்த வாசனை.

எதுவும் எழுதாமல் ஓடவிட்டேன்.
விளக்கோடு நிற்கிறான்.
திடீரென்று ஒருமுறை இருமினான்.
கோடு இல்லை,
நேரமும் ஆகவில்லை.
எந்த வரி என்று
இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.