நாலரை விரற்கடை

ரயில் இங்கே நின்றுவிடுகிறது.
மேலே பாதை இல்லாமல் அல்ல.
ஆற்றைத் தாண்டினால்
தண்டவாளம் கொஞ்சம் அகன்றுவிடுகிறது.

இக்கரை ஸ்வீடன், அக்கரை பின்லாந்து.
நடுவில் ஓடும் ஆறு
மே மாதம் பிறந்த பிறகும்
பனிப்பாளங்களை முட்டி முட்டித் தள்ளுகிறது,
காலிப் பெட்டிகளை ஷண்டிங் செய்யும் இஞ்சின்போல.

இறங்கியவர்கள் மூன்று பேர்.
ஒருத்தி கையில் சைக்கிள் சக்கரம், சைக்கிள் இல்லை.
லீவில் வந்த சிப்பாய்ப் பையன் ஒருவன்
செல்போனில் யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டே போனான்.
மூன்றாவது நான்.
ஸ்டேஷனோ மூவாயிரம் பேருக்குக் கட்டியது:
செங்கல் கோபுரம், ஆள் உயரச் சாளரங்கள்,
எதிரொலிக்கென்றே விட்டதுபோல் ஒரு கூடம்.
ஒரு தலைநகரம் வரும் என்று சமைத்துவைத்து
வராததால் பாத்திரங்களைக் கழுவாமல் விட்ட வீடு.

சாவி பிர்யோவிடம் இருக்கிறது.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்,
இரண்டு டிரிப்புகளுக்கு நடுவே வந்து திறந்துவிட்டாள்.
"இந்தக் கதவு எங்கள் ரயிலுக்கு,
அந்தக் கதவு அவர்கள் ரயிலுக்கு" என்றவள்
தானே சிரித்தாள்.
"நான் பிறந்தது அவர்கள் பக்கம்."

பாலம் வருமுன், பெரிய போரில்,
ஊனமுற்ற கைதிகளை இந்த ஊர் வழியாகத்தான் மாற்றிக்கொண்டார்களாம்.
பனிமேல் சறுக்குவண்டியில்
இங்கிருந்து கால் இல்லாதவர்கள் அங்கே,
அங்கிருந்து கண் இல்லாதவர்கள் இங்கே.
தபால் மூட்டைகளும் அதே வண்டியில்.
இதைச் சொல்லும்போது அவள்
ஜன்னலில் செத்துக் கிடந்த ஈக்களை
ஒரு பழைய டிக்கெட் அட்டையால் கூட்டிக்கொண்டிருந்தாள்.

பாலத்தில் நான்கு தண்டவாளங்கள்.
ஏன் மூன்று போதாதா என்று கேட்டேன்,
மீட்டர் கேஜ் பிராட் கேஜ் பார்த்து வளர்ந்த திமிரில்.
"வித்தியாசம் பெரிதாக இருந்தால் மூன்று போதும்.
இது சின்ன வித்தியாசம்.
நடுவே இன்னொன்றை நுழைக்க இடமில்லை."

அவள் சமையலறையில் கடிகாரம் இரண்டு.
அடுப்புக்கு மேலே கணவன் தொர்ப்யோர்னின் நேரம்,
கதவுக்கு மேலே அவள் அம்மா வீட்டு நேரம்,
ஒரு மணி முன்னால்.
புத்தாண்டுக்கு அக்கரையில் ஒரு முறை குடித்துவிட்டுப்
பாலத்தில் நடந்து வந்து
இக்கரையில் மறுபடி குடிப்பார்களாம்.
"சண்டை வந்தால்?"
"யார் நேரப்படி தாமதம் என்பதிலேயே பாதி முடிந்துவிடும்."

காபிக்குள் பாலாடைக்கட்டியைப் போட்டுக் கொடுத்தாள்.
பல்லில் பட்டதும் கீச்சென்றது,
எண்ணெய் போடாத பிரேக்.
நான் முகம் சுளிக்காமல் மெல்லுவதைப் பார்த்தபடி
மேசைமேல் இடது கையை வைத்தாள்.
நான்கு விரல்கள், ஒட்டினாற்போல் பாதிக் கட்டைவிரல்.
"இவ்வளவுதான்.
இதற்காகத்தான் நூறு வருஷமாக
எல்லாரும் மூட்டையை இறக்கி ஏற்றுகிறார்கள்."
எண்ணெயும் கிரீஸும் இல்லாத விரல்கள்,
ஒன்றில் மட்டும் பிளாஸ்டர்.

அக்கரையில் எனக்கு நாலு மணிக்குப் பேருந்து.
பாலத்தின் பாதியில் செல்போன்
மூன்று என்றது, நாலு என்றது, மூன்று என்றது.
கீழே ஒருவன் தூண்டிலோடு நின்றிருந்தான்.
அவனுக்கு மணி தேவைப்படவில்லை.
எனக்குத் தேவைப்பட்டது;
நான் போய்ச் சேர்ந்தபோது நிறுத்தத்தில் இருந்தது
ஈரத்தில் டயர் பதிந்த இரண்டு கோடுகள் மட்டும்.

அகலம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் ஹாரன்.
மஞ்சள் பேருந்து, பிர்யோ,
உள்ளே ஏழெட்டுப் பிள்ளைகள்
இரண்டு மொழியில் ஒரே பொம்மைக்கு அடித்துக்கொள்கிறார்கள்.
ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்தாள்.
"அடுத்த ஊர் வரைக்கும்தான்" என்றாள்.

ரப்பர் சக்கரம்.
எந்தக் கரையிலும் ஓடும்.