மிச்ச பெயின்ட்

ரிசார்ட்டில் மிஞ்சிய பெயின்ட்டை
டப்பா டப்பாவாகக் கொண்டுவந்தான் லோகிதாசன்.
எதிலும் ஒரு சுவருக்கு மேல் இல்லை.
அதனால் எங்கள் ஒற்றை அறைக்கு
கிழக்கே நீச்சல் குளம்,
மேற்கே தேனிலவுக் குடில்,
அடுப்பு மூலை மட்டும்
மேனேஜர் ரூமின் சந்தன நிறம்.

குன்னூர் மார்க்கெட்டில்
அறுபது ரூபாய்க்குப் பேசி வாங்கிய திரை
ஜன்னலைவிட ஒரு சாண் குட்டை.
மீதியை மஞ்சு மறைக்கும்,
காலை பத்து மணி வரை.

கூரையோர ஈரத்தில்தான்
எந்த நிறமும் நிற்கவில்லை.
மூன்று தரம் அடித்தோம், மூன்று தரமும் உரிந்தது.
போன வருஷத்து உரக்கடைக் காலண்டரை
அதன்மேல் மாட்டினேன்.
பிப்ரவரியைத் தாண்ட விடவில்லை;
கடல் படம் அதில்தான்.

ஐப்பசியில் கடல் ஊறி
சொட்டுச் சொட்டாய் இறங்கியது.
காலி பெயின்ட் டப்பாவை
அடியில் நகர்த்தி வைத்தான் லோகிதாசன்.