முதுகுப் பக்கம்

ஸ்கன்தோர்ப்புக்கு அன்னங்கள் வந்தது ஒரு லாரியில்,
செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு.
ஒரே ஒரு இரவு. மறுநாள் வேறு ஊர்.
உடுத்திவிட உள்ளூரில் இரண்டு பேர் வேண்டும் என்றார்கள்.
ஒருத்தி மோரீன். இன்னொருத்தி நான்,
கல்யாண ஜாக்கெட் தைப்பவள்.

இருபத்திரண்டு வெள்ளைப் பாவாடைகள்
தலைகீழாகத் தொங்கின,
காற்றில் மடங்கிய குடைகள்போல.
தண்ணீரே படக்கூடாதாம்.
ரைசா ஒரு குப்பியில் வோட்காவை நிரப்பி
அக்குள் பக்கமெல்லாம் பீய்ச்சிக்கொண்டே வந்தாள்.
வியர்வை நாற்றத்தை அது தின்றுவிடுமாம்.
பாலையும் நீரையும் பிரிக்கிற பறவையென்று
பள்ளிக்கூடத்தில் படித்ததைச் சொல்ல வாயெடுத்தேன்.
அவளுக்கு என் ஆங்கிலம் புரியாது,
எனக்கு அவள் ருஷ்யன்.
கொக்கியைக் காட்டினாள். தலையாட்டினேன்.

நம் ஜாக்கெட்டுக்குக் கொக்கி முன்னால்.
இவர்களுக்கு முதுகில், இரண்டு வரிசை.
தன் உடையைத் தானே பூட்டிக்கொள்ள முடியாத பறவைகள்
ஒவ்வொன்றாய் வந்து திரும்பி நின்றன.
ஒருத்திக்குத் தோள்பட்டையில் பிளாஸ்திரி,
ஒருத்திக்கு அம்மைத் தழும்பு,
ஒருத்தி போனில் யாரிடமோ அழுதபடியே
மூச்சை மட்டும் எனக்காக உள்ளிழுத்தாள்.
முகங்கள் நினைவில்லை.
முதுகைக் காட்டினால் இன்றைக்கும் இன்னார் என்பேன்.

இடைவேளை. இருபது நிமிடம்.
வெள்ளையைக் கழற்றிக் கறுப்பைப் போடவேண்டும்.
நல்லவளும் கெட்டவளும் ஒருத்தியேதான்: டொய்னா.
மேலிருந்து மூன்றாவது கொக்கியில்
துணியோடு பிய்ந்து வந்துவிட்டது பட்டி.
மோரீன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்.
நான் ஊசி கோத்தேன்.
உடம்போடு வைத்தே தைத்தேன்,
தோலுக்கும் துணிக்கும் நடுவே என் இடது விரல்,
குத்தினால் எனக்குக் குத்தட்டும் என்று.
இரண்டு தரம் குத்தியது.
கத்தரி எங்கே போனதோ,
குனிந்து பல்லால் நூலை அறுத்தேன்.
என் மூச்சுப் பட்டு அவள் சிலிர்த்தாள்.
அவ்வளவுதான், ஓடிவிட்டாள்.

பக்கத் திரை இடுக்கில் நின்று பார்த்தேன்.
ஒற்றைக் காலில் சுற்றினாள், சுற்றினாள்.
பம்பரம் எனலாம்; பம்பரத்துக்கு வலி தெரியாது.
அரங்கம் சுற்றுகளை எண்ணியது.
நான் எண்ணவில்லை.
ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கணம்
என் பக்கம் வந்துபோன அந்த நாலங்குலம்.
கறுப்பில் கறுப்பு நூல்.
பிடி, பிடி என்றேன் தமிழில்.
பிடித்தது.

திரும்பி வந்ததும் மறுபடி வெள்ளை.
தைத்ததைப் பிரிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.
"குட்" என்றாள், அதுவும் கண்ணாடியிடம்.

கடைசிக் காட்சியில் நான் கீழே,
கழற்றிப் போட்ட ஈரக் காலுறைகளை எண்ணிக்
கோணியில் திணித்துக்கொண்டிருந்தேன்.
ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினேன்.
மேலே இசை பெரிதாகி, நின்று,
கூரை அதிரக் கைதட்டினார்கள்.

பதினொன்றரைக்கு மோரீன் காரில் வீடு.
உருக்காலைப் பக்கம் வானம் சிவந்து கிடந்தது.
மகள் தூங்காமல் காத்திருந்தாள்.
கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்தார்களா,
ஏரியில் விழுந்து செத்தார்களா?
சில குழு இப்படி முடிக்குமாம், சில குழு அப்படி.
தெரியாது என்றேன்.
கீழேயிருந்து கேட்டால்
இரண்டுக்கும் ஒரே கைதட்டல்தான்.
காலுறை ஒன்று குறைந்த கதையை ஆரம்பித்தேன்.
அவள் விளக்கை அணைத்துவிட்டாள்.